கண்ணாஸ்பத்திரி ஒச்சாயி

மணல்வாரி அம்மை இறங்கிய பிறகும் தங்கப்பொண்ணு கண் திறக்கவில்லை. வெளிச்சம் பட்டால் முகத்தைத் தாய் ஒச்சாயியின் மார்பில் புதைத்துக்கொண்டாள். பொழுது சாய்ந்தால் சுவரில் போய் முட்டினாள். அவளுக்கு அப்போதுதான் பேச்சு திருந்தி வந்துகொண்டிருந்தது.

அது 1931. எழுமலைக்கு மேற்கே ஒரு சிறிய ஊர். ஒச்சாயியும் அவள் புருஷன் பேயாண்டியும் அடுத்தவர் காட்டில் வேலை செய்து பிழைத்தவர்கள். அந்த வருஷமும் மழை பொய்த்தது. வேலை இல்லை. வரகுக் கஞ்சியில் தண்ணீர்தான் அதிகம்.

அம்மைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரை மருந்து என்று வாசல்படி தாண்டக் கூடாது என்றார்கள் ஊரார். ஒச்சாயி பொறுத்திருந்தாள். தண்ணீர் ஊற்றியதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உசிலம்பட்டி தர்மாஸ்பத்திரிக்கு நடந்தாள். கம்பவுண்டர் இமையை விலக்கிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

“இது நம்ம கையில இல்லத்தா. மதுரையில கண்ணுக்குன்னே ஒரு டாக்டர் இருக்காரு. சீக்கிரமாக் கொண்டு போங்க.”

பேயாண்டியால் நினைத்தவுடன் மதுரைக்குப் போக முடியாது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஆண்களின் கைரேகை போலீசிடம் இருந்தது. இரவானால் ஸ்டேஷனுக்குப் போய்ப் படுக்க வேண்டும். ஊர் தாண்டுவதென்றால் கையில் அனுமதிச் சீட்டு வேண்டும். களவு செய்தவன், செய்யாதவன் என்ற பேதமில்லை. பிறந்த சாதிக்கே அந்தக் குற்றப்பரம்பரைச் சட்டம். சீட்டு எழுதித் தர வேண்டிய கிராம முன்சீப் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

“இன்னைக்கு வந்துருவாருன்னு சொல்றாக,” என்றான் பேயாண்டி.

“நேத்தும் அதத்தான சொன்னாக.”

“சீட்டு இல்லாம ரயில்ல ஏறுனா புடிச்சு உள்ள வச்சிருவான். அப்புறம் நீயும் புள்ளையும் எங்க போய் நிப்பீக?”

அன்றும் முன்சீப் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பிள்ளையின் கண்ணிலிருந்து ஏதோ வடியத் தொடங்கியது. ஒச்சாயி அதைச் சேலை முந்தியால் துடைத்தாள். “நீ இரு. நான் போறேன்,” என்று கிளம்பினாள்.

அதுவரை அவள் ரயிலில் ஏறியதில்லை. மதுரையில் இறங்கி, கேட்டுக் கேட்டு ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்தபோது கண் டாக்டர் போய்விட்டிருந்தார். மறுநாள் காலையில்தான் பார்க்க முடிந்தது.

டாக்டர் அப்துல் அலீம் நகரத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். சென்னைக்குப் போய்க் கண் வைத்தியம் படித்தவர். அவரை விட்டால் எங்களுக்குத் தெரிந்து மேற்கே மலை வரைக்கும் கண்ணுக்கென்று ஒரு டாக்டர் கிடையாது. அவர் தங்கப்பொண்ணைச் சன்னல் பக்கம் தூக்கிப்போய்ப் பார்த்தார். வலது கண் உடைந்து உள்ளடங்கிப் போயிருந்தது. இடது கண் வெந்த முட்டை போல வெளுத்திருந்தது.

“ஏம்மா, இம்புட்டு நாளா என்ன செஞ்சுக்கிட்டிருந்தீங்க? போன வாரம் வந்திருந்தா ஒரு கண்ணையாச்சும் காப்பாத்தியிருக்கலாமே.”

மழையிலிருந்து சொல்வதா, அம்மையிலிருந்து சொல்வதா, முன்சீப்பிலிருந்து சொல்வதா என்று ஒச்சாயிக்குத் தெரியவில்லை. பிறகு, “இதுக்கு மருந்துதான் என்ன சாமி?” என்று கேட்டாள்.

“மீன் எண்ணெய்ம்மா. முதல்லயே குடுத்திருந்தா தினம் ஒரு கரண்டி போதும். தீனி இல்லாத பிள்ளைக்கு அம்மை வந்தா அது கண்ணத்தான் முதல்ல தின்னும்.”

“மீன் எண்ணெயா,” என்றாள் ஒச்சாயி.

வீடு திரும்பியபின் பேயாண்டி மகளிடம் பேசுவதை விட்டுவிட்டான். அவன் குரல் கேட்டால் அவள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வேறு திசையில் நடப்பாள். அதைப் பார்க்க அவனால் ஆகவில்லை. அவள் தூங்கிய பிறகே பக்கத்தில் வந்து உட்காருவான்.

அடுத்த கோடையில் மறுபடியும் அம்மை வந்தது. பக்கத்து வீட்டுச் சோலையம்மாளின் மகன் வெளிச்சத்துக்குக் கூசி முகத்தைத் திருப்பினான். ஒச்சாயி அந்த வீட்டுக்குள் நுழைந்து பிள்ளையைத் தூக்கினாள். “இன்னும் தண்ணி ஊத்தலையே மதினி,” என்று சோலையம்மாள் குறுக்கே நின்றாள்.

“ஆத்தா கோவிச்சுக்கிட்டா எம்மேல கோவிச்சுக்கிறட்டும். எங்கிட்ட இன்னும் என்ன இருக்கு எடுக்க? நீயும் கெளம்பு.”

அந்தப் பையனுக்குப் பார்வை தங்கியது. அதிலிருந்து, கண்ணில் பீளை கட்டினாலே பெண்கள் ஒச்சாயியைத் தேடி வந்தார்கள். ரயில் நிலையத்திலிருந்து எந்தத் தெருவில் திரும்புவது, எந்த வாசலில் நிற்பது, டாக்டர் எப்போது வருவார் என்பதுதான் அவளுக்குத் தெரிந்தது. ‘கண்ணாஸ்பத்திரி ஒச்சாயி’ என்று அவளுக்குப் பேர் வந்தது. சில பிள்ளைகளுக்குப் பார்வை கிடைத்தது. பல பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை.

நல்லகாமன் என்பவனின் மகளையும் அவள்தான் கொண்டுபோனாள். பிள்ளையின் தாய் பிரசவித்துப் படுத்திருந்தாள். நல்லகாமனுக்குச் சீட்டுக் கிடைக்கவில்லை. பிள்ளைக்கு அம்மையோடு நெஞ்சில் சளியும் கட்டியிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே மூச்சு நின்றுவிட்டது. சவம் என்று தெரிந்தால் ரயிலில் ஏற்ற மாட்டார்கள். ஒச்சாயி பிள்ளையைச் சேலைக்குள் அணைத்துக்கொண்டு ஏறி, மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எதிரே இருந்த பெண், “இம்புட்டுச் சத்தத்துலயும் புள்ள நல்லாத் தூங்குது,” என்றாள்.

“ஆமா,” என்றாள் ஒச்சாயி.

உசிலம்பட்டி வரைக்கும் பிள்ளையைத் தட்டிக்கொடுத்தபடியே வந்தாள்.

நல்லகாமன் மகளை வாங்கிக்கொண்டு சொன்னான்: “கண்ணுதான போயிருக்கும். உசுரையும்ல கொண்டுபோய்ப் போட்டுட்டு வந்திருக்க.” அந்த வருஷம் முழுவதும் ஒச்சாயியின் வாசலுக்கு யாரும் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் அவள் கையில் பிள்ளை எதுவும் இல்லாமல் மதுரைக்குப் போனாள். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

“என்னம்மா, தனியா வந்திருக்கே?”

“தூக்கிட்டு வாரதுக்குள்ளயே பாதிப் புள்ளைகளுக்குக் கண்ணு போயிருது சாமி. ஆம்பளைகளுக்குச் சீட்டு இல்ல. நீங்க ஒரு நாளு எங்க பக்கம் வந்தா என்ன?”

“அங்க எங்க உக்காந்து பாக்குறது?”

“சந்தையன்னைக்கு உசிலம்பட்டிக்குச் சுத்துப்பட்டு ஊரு பூரா வரும். ஒரு மரத்து நெழலு போதாதா?”

டாக்டர் அடுத்த மாதம் ஒரு சந்தை நாளில் பெட்டியோடு ரயிலில் வந்து இறங்கினார். பிறகு மாதம் தவறாமல் வந்தார். புளியமரத்தடியில் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார் வரிசையாக இருப்பார்கள். டாக்டர் ஒவ்வொரு பிள்ளை வாயிலும் மீன் எண்ணெயை ஊற்றுவார். பிள்ளைகள் துப்பும். ஒச்சாயி மூக்கைப் பிடித்து விழுங்க வைப்பாள். முருங்கைக் கீரையைக் கடைந்து ஊட்டச் சொல்லித் திட்டுவார் டாக்டர். அந்த நாலைந்து வருஷம் எங்கள் பக்கத்தில் கண் போன பிள்ளைகள் குறைவு.

பிறகு யுத்தம் வந்தது. பட்டாளத்துக்கு டாக்டர்கள் வேண்டும் என்றார்கள். அப்துல் அலீம் போனார். கப்பல் வராமல் மீன் எண்ணெயும் நின்றது. 1942-இல் ஆட்கள் வந்து, உசிலம்பட்டி வழியாக மதுரைக்குப் போன போடி ரயில் பாதையின் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துப் போனார்கள். இரும்பு யுத்தத்துக்கு வேண்டுமாம்.

மறு வருஷம் அரிசியும் அகப்படவில்லை, அம்மையும் வந்தது. நல்லகாமன் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு ஒச்சாயியின் வாசலில் வந்து நின்றான்.

“பயலுக்கு வெளிச்சம் கூசுது மதினி.”

அவள் முந்தியை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். நல்லகாமன் சீட்டுக்காகக் காத்திருக்கவில்லை. வருவது வரட்டும் என்று கூடவே வந்தான். பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய பஸ் ஒன்று பாதி வழி கொண்டுபோய் நின்றுவிட்டது. மீதியை நடந்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் பழைய காவல்காரர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். அப்துல் அலீம் பர்மாவில் குண்டு விழுந்து இறந்துபோனார் என்று அவர்தான் சொன்னார்.

ஒச்சாயி முந்தியை இழுத்துப் பையனின் கண்ணை வெயிலுக்கு மறைத்தாள்.

“அப்ப இப்பக் கண்ணு யாருண்ணே பாக்குறாக?”

“கண்ணுக்குன்னு யாரும் இல்லம்மா. எல்லாத்துக்கும் ஒரே டாக்டர்தான்.”

அந்த டாக்டர் கண்ணைக் கழுவி ஏதோ மருந்து விட்டார். பையனுக்கு ஒரு கண் முழுக்கப் போயிற்று. மற்றதில் வாசல் எது, சுவர் எது என்று தெரியும் அளவுக்கு மிச்சம் இருந்தது. திரும்பி வந்ததும் நல்லகாமனைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். வெளியே வந்தபின் அவன் ஒச்சாயியை ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. அவள் வீட்டுக் கொல்லையில் இரண்டு முருங்கைக் கொம்பு நட்டுவிட்டுப் போனான்.

1949-இல் ஒச்சாயி காய்ச்சலில் இறந்தாள். தங்கப்பொண்ணுதான் கடைசி வரை அவளுக்குக் கஞ்சி ஊற்றினாள். உசிலம்பட்டியில் அன்றைக்கும் கண் டாக்டர் கிடையாது.