நத்தைக்கு ஒரு கேட் பாஸ்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்குப் போகப் பட்டுப்புடவை எடுக்கலாமென்று பீரோவைத் திறந்தேன். அந்துருண்டை வாசனை குப்பென்று வந்தது. மற்றவர்களுக்கு அது புடவையை ஞாபகப்படுத்தும். எனக்குக் கதைப் புத்தகங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். ஓர் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். முகூர்த்தத்தைத் தவறவிட்டதற்கு என் கணவர் இன்னும் அந்தப் புடவையைத்தான் குறை சொல்கிறார்.

வல்லம் வடகால் பக்கம் நாங்கள் வாடகைக்கு இருந்த காலம். என் மகள் தர்ஷினி அந்த ஊர்த் தொடக்கப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு படித்தாள். தலைமையாசிரியர் அறையில் ஒரு பச்சை இரும்பு பீரோ இருந்தது. அதுதான் பள்ளியின் நூலகம். உள்ளே படக்கதைப் புத்தகங்கள், தட்டுக்கு நாலு அந்துருண்டை. வெளியே ஒரு பூட்டு. தலைமையாசிரியர் ஸ்டெல்லா டீச்சர் தங்கமானவர். ஆனால் ஒரு புத்தகம் குறைந்தாலும் ஆடிட்டில் தன் தலை உருளும் என்று பயப்படுவார். வாரத்துக்கு ஒருமுறை பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்துப் புத்தகம் கொடுப்பார். மணி அடித்ததும் வாங்கிப் பூட்டிவிடுவார். பாதிக் கதையோடு வீட்டுக்கு வரும் பிள்ளைகள் மீதியை எங்களிடம் கேட்கும். நாங்கள் எங்கே போவது?

அப்போது எனக்கு ஒரகடத்தில், கார்களுக்கு வயர் கட்டும் ஒரு கம்பெனியில் வேலை. எட்டு மணி நேரம் லைனில் வாயைத் திறக்காமல் நிற்பதாலோ என்னவோ, வெளியே நாலு பேர் கூடினால் போதும், எனக்குப் பேச்சு பொங்கிக்கொண்டு வரும். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்றேன். புத்தகங்களை வீட்டுக்குக் கொடுங்கள், நாங்களும் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கிறோம், ஒன்று தொலைந்தாலும் நான் பொறுப்பு என்றேன். கைதட்டல்கூடக் கிடைத்தது. டீச்சர் மட்டும் தட்டவில்லை.

"சரிம்மா, ஒரு வாரம் பாக்கலாம். திங்கக்கெழம தர்றேன். வெள்ளிக்கெழம ஸ்கூல் வுடறதுக்குள்ள எல்லாம் வந்துடணும். ஒரு புக்கு வரலன்னாலும் பூட்டிடுவேன். அப்புறம் யாரும் வந்து கேக்கக் கூடாது."

தர்ஷினி கொண்டுவந்தது வாடகைக்கு வீடு தேடி அலையும் ஒரு நத்தையின் கதை. எங்கள் காம்பவுண்டில் பத்து வீடு, பத்தும் வாடகை. நத்தைமேல் எங்களுக்குக் கரிசனம் வந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் நான் விடியற்காலையில் எழுந்து ஏ ஷிப்டுக்கு ஓடுகிறவள். மூன்றாம் பக்கத்தில் தவளை வீட்டுக்காரர் கதவைத் திறப்பதற்குள் தூங்கிப்போனேன். மகள் என் கண் இமையை விரலால் பிரித்துப் பார்த்தாளாம். அப்பாவைக் கேட்கலாமென்றால் அவர் மதியம் போய் நள்ளிரவில் திரும்பும் பி ஷிப்ட். அவரும் நானும் முகம் பார்த்துப் பேசுவதே ஞாயிற்றுக்கிழமைதான்.

"நீ கம்பெனில சாப்புடும்போது படிச்சிட்டு வாம்மா. வூட்ல வாயாலயே சொல்லு," என்று அவளே புத்தகத்தை என் சாப்பாட்டுப் பையில் வைத்தாள். ஏழு வயதில் என்ன மூளை என்று பெருமைப்பட்டேன். செவ்வாய்க்கிழமை கேன்டீனில் ஆறு பக்கம் படித்தேன். பக்கத்து மேஜைப் பெண்களும் எட்டிப் பார்த்ததில் சாம்பார் சாதம் ஆறிப்போனது.

ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போதுதான் வினை. எங்கள் கம்பெனியில், வெளியிலிருந்து எந்தப் பொருளைக் கொண்டுவந்தாலும் கேட்டில் எழுதிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எழுதாத பொருள் திரும்பி வெளியே போகாது. கதைப் புத்தகத்தை யாராவது பொருள் என்று நினைப்பார்களா? நான் நினைக்கவில்லை. செக்யூரிட்டி ஏழுமலை அண்ணன் நினைத்தார். பையிலிருந்து எடுத்து, முதல் பக்கத்துப் பள்ளி முத்திரையையும் நம்பரையும் உற்றுப் பார்த்தார்.

"சீலு கீது, நம்பரு கீது. உள்ள வந்ததுக்கு என்ட்ரி இல்ல. நான் எப்டிம்மா வெளிய வுடறது?"

"ஸ்கூல் புக்குண்ணா. நத்தை கதை."

"நத்தையா இருந்தா இன்னா? கேட் பாஸ் வாணும்."

சூப்பர்வைசர் கையெழுத்து, ஸ்டோர்ஸ் கையெழுத்து, அதன்பிறகு அண்ணனின் கையெழுத்து. கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. புத்தகத்தை அவருடைய டிராயரில் விட்டுவிட்டு ஏறினேன். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. அந்தப் பல்லி ஜன்னலோரம் உட்கார்ந்து வழிநெடுக மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தது.

புதன்கிழமை சூப்பர்வைசர், பாஸில் பொருளின் பெயர் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று யோசித்து யோசித்துச் சாயங்காலம் கையெழுத்துப் போட்டார். வியாழக்கிழமை ஸ்டோர்ஸ்காரர் லீவு. வீட்டில் மகளோ கதை கேட்கிறாள். எனக்குத் தெரிந்ததோ ஆறு பக்கம். மீதியை நானே அளந்துவிட்டேன். ஒரு வீட்டில் தண்ணீர் வராது. இன்னொன்றில் கறி மீன் சமைக்கக் கூடாது. மூன்றாவது மாடி வீடு. நத்தை படியேறி முடிப்பதற்குள் வேறு ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். எல்லாம் நாங்கள் வீடு தேடி அலைந்த கதைதான். தர்ஷினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. வெள்ளிக்கிழமை புத்தகம் போய்ச் சேராவிட்டால் என் வாய்க்கொழுப்பால் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கே பீரோ மூடிக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடியக் கால் மணி இருக்கும்போது ஸ்டோர்ஸ் கையெழுத்து கிடைத்தது. பொருள்: நத்தைக் கதைப் புத்தகம், ஒன்று. கொண்டுவந்த காரணம்: மகளுக்குச் சொல்ல. மணி அடித்ததும் கேட்டுக்கு ஓடினேன். ஏழுமலை அண்ணன் பாஸை வாங்காமல் கையை மட்டும் உயர்த்தினார். மறு கையில் புத்தகம்.

"இரும்மா, ரெண்டு பக்கந்தான் கீது. மத்த ஷிப்ட் செக்யூரிட்டிங்கல்லாம் படிச்சிட்டானுங்கோ, நான்தான் பாக்கி."

டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அண்ணன் அசையவில்லை. கடைசிப் பக்கம் முடிந்து, அவர் தனக்குள் சிரித்து, பாஸில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபோது பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. ஓடிப்போய் ஏறினேன்.

பள்ளி வாசலில் இறங்கும்போது பிள்ளைகள் வெளியே வந்துகொண்டிருந்தன. மற்ற புத்தகங்கள் எல்லாம் வந்து அடுக்கியாகிவிட்டது. ஸ்டெல்லா டீச்சர் அறையில் பீரோ முன்னால் கையில் பூட்டோடு நின்றார். புத்தகத்தை நீட்டினேன், உள்ளிருந்து பாஸ் நழுவி மேஜையில் விழுந்தது. பொய் சொல்லத் தெம்பில்லை. நடந்ததையெல்லாம் ஒப்பித்தேன். அவர் அந்தக் காகிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

"எடுத்துட்டுப் போனது யாரு, எதுக்கு, எப்போ திரும்பி வந்துச்சி, எல்லாத்துக்கும் கையெழுத்து இருக்கு. இத்தன வருஷமா நான் தேடினது இதத்தாம்மா. ஆடிட்டுக்கு இது போதும்."

கையிலிருந்த பூட்டை மேஜைக்குள் போட்டார். எனக்கு அங்கேயே ஒரு குத்தாட்டம் போட வேண்டும்போல இருந்தது. கம்பெனி யூனிபார்ம் தடுத்துவிட்டது.

அடுத்த வாரத்திலிருந்து எங்கள் பள்ளியில் கேட் பாஸ் வந்தது. கடையில் ஜெராக்ஸ் எடுத்த சீட்டு. வீட்டில் யார் யார் படித்தார்கள் என்று டீச்சர் ஒரு கட்டம் சேர்த்திருந்தார். காலை ஒன்பது மணிக்கு பி ஷிப்ட் அப்பாக்கள், சாயங்காலம் நாலு மணிக்கு ஏ ஷிப்ட் அம்மாக்கள் வந்து புத்தகம் எடுத்தார்கள். படிக்கத் தெரியாத அம்மாக்கள் படத்தைப் பார்த்துக் கதை சொன்னார்கள். பிள்ளைகள் எழுத்தைப் பார்த்துத் திருத்தின. எங்கள் கம்பெனி கேட்டில் ஏழுமலை அண்ணன் கதைப் புத்தகத்துக்கென்றே தனிப் பக்கம் ஒதுக்கி, வருவதையெல்லாம் முதலில் தான் படித்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

அந்த வெள்ளிக்கிழமையே டீச்சரிடம் புத்தகத்தைத் திரும்ப வாங்கிவந்து, தர்ஷினிக்கு நிஜமான முடிவைப் படித்துக் காட்டினேன். அலைந்து களைத்த நத்தையிடம் ஓர் எறும்பு வந்து, உங்கள் முதுகில் இருப்பது வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்கிறது. மகள் புத்தகத்தை வாங்கி மூடினாள்.

"நல்லாத்தான் கீது. ஆனா நீ சொன்னதுதாம்மா சூப்பர்."

கம்பெனியில் வருஷா வருஷம் கொடுத்த பரிசு டிபன் கேரியர்கள் எல்லாம் சேர்ந்தாலும் அந்த ஒரு வார்த்தைக்கு உறை போடக் காணாது.

இப்போது நாங்கள் வாலாஜாபாத்தில் சொந்த வீட்டில் இருக்கிறோம். தர்ஷினி உயர்நிலைப் பள்ளி. போன மாதம், ஓய்வு பெறப்போகும் ஸ்டெல்லா டீச்சர் கூப்பிட்டனுப்பினார், பள்ளிக்குப் போனேன். பீரோவில் பூட்டும் இல்லை, பூட்டு மாட்டும் கொக்கியும் இல்லை. பாஸ் வழக்கமும் போய்விட்டது. பிள்ளைகளே நோட்டில் எழுதிவிட்டு எடுக்கிறார்கள். அந்துருண்டை வாசனையைத் தேடி மூக்கை நுழைத்தேன். தேங்காய் எண்ணெயும் சாம்பாரும்தான் மணந்தன.

மேஜைமேல் நத்தைப் புத்தகம் கிடந்தது. அட்டை போய்விட்டது, நூல் பிரிந்து, தொட்டால் தாள் உதிர்கிறது. பதிவேட்டிலிருந்து நீக்க வேண்டும், சாட்சிக் கையெழுத்து போடு என்றார். போட்டேன். நீக்கிய காரணம் என்ற கட்டத்தில் பழைய வரிகளெல்லாம் கரையான், கரையான், மழைநீர் என்று இறங்கிக்கொண்டே வந்தன. நத்தைக்கு நேராக டீச்சர் எழுதியிருந்தார்: படித்துத் தேய்ந்தது.