சிவப்பு மேலங்கி

முதலாம் கண்டிப் போரின் தளபதிகளையும் சீருடைகளையும் ஆராய்ந்துவந்த நான், கண்காட்சிக்காக ஆங்கிலேயச் சிப்பாயின் சிவப்பு மேலங்கி ஒன்றைத் தைத்துத் தருமாறு வெள்ளவத்தையில் தையல் வேலை செய்யும், எனக்குத் தெரிந்த அக்கா ஒருவரிடம் கேட்டேன். நான் காட்டிய படத்தைப் பார்த்தவர், கொடுத்த துணியைத் திருப்பித் தந்தார்.

“ஆமிச் சட்டை தைக்கமாட்டன், தம்பி.”

“இது இருநூறு வருஷத்துக்கு முந்தினது, அக்கா!” சிரித்தபடி பல்கலைக்கழகக் கடிதத்தை நீட்டினேன்.

“கடிதம் உங்கட பேரில. சட்டை கிடக்கப்போறது என்ர வீட்டில. பொலிஸ் செக்கிங் வந்தா கண்டி ராசான்ர கதையை நானோ சொல்லுறது? என்ர தம்பியைப் புலியெண்டு பிடிச்சுக்கொண்டு போனதும் ஒரு பச்சைக் காற்சட்டைக்குத்தான்.”

துணியைப் பையில் வைத்துக்கொண்டு வெளியேறினேன். உள்நாட்டுப் போர் முடிந்துவிட்டதால் அவருடைய அச்சம் காலாவதியானது என்றே கருதினேன். காலி வீதியில் இரண்டு பொலிஸார் நின்றிருந்தனர். அவர்கள் என்னைப் பார்க்கவுமில்லை. ஆயினும் என் கை பையின் வாயை இறுக மூடியிருந்தது.

கண்காட்சியில் படத்தை மட்டுமே வைத்தேன். அவர்முன் சிரித்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது.