சந்தனம் பூசிய ரேடியேட்டர்

வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மகன் கைபேசியில் காட்டினான். எங்கோ குளிர்நாட்டில் நாலு கிழவர்கள், கார் இன்ஜினை விமானத்தில் பூட்டிவிட்டு, ரேடியேட்டரை மூக்கில் வைப்பதா வயிற்றில் வைப்பதா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நாலு பேருக்கு ஐந்து அபிப்பிராயம். எனக்கு அலுப்பாக இருந்தது. இந்தச் சண்டையை நான் எட்டு வயதிலேயே கேட்டு முடித்துவிட்டேன்.

என் தாய்மாமா திருமயம் பக்கத்தில் பஸ்களுக்கு இன்ஜின் வேலை பார்த்தவர். பட்டாளத்தில் விமானங்களைப் பழுது பார்த்துவிட்டு வந்ததால் ஊரில் அவருக்குப் பைலட் என்று பெயர். ஒரு தடவைகூட ஓட்டியதில்லை. ஆனாலும் தன் பட்டறையிலேயே ஒரு விமானம் கட்டினார்: பழைய ஜீப் இன்ஜின் ஒன்று, மூங்கில், தேக்குச் சட்டம், வேட்டி பதினெட்டு. வேட்டிகளை இறக்கைமேல் இழுத்து ஒட்டி வார்னிஷ் அடித்திருந்தார். எண்ணியது நான்தான். எண்ணாமல் என்னால் எதையும் பார்க்க முடியாது. இன்றைக்கும் மாத்திரையை மூன்று தடவை எண்ணித்தான் விழுங்குகிறேன்.

முதலில் ரேடியேட்டர் மூக்கில், விசிறிக்கு நேர் பின்னால் இருந்தது. ஒரு நாள் அத்தை கைக்குழந்தையோடு பட்டறைக்கு வந்தார்.

“ஏன் மாப்ளே, இந்தச் சல்லடை எதுக்கு?”

மாமாவிடம் கேட்டதை அப்படியே ஒப்பித்தேன். இன்ஜின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு இங்கே வரும். இந்தக் கண்களில் காற்று புகுந்து அதை ஆற்றும். காற்று அடைபட்டால் தண்ணீர் கொதித்து இன்ஜின் நின்றுவிடும்.

“மேல போயி நின்னா?”

“விழுந்துரும்.”

“தரையிலயே நின்னா?”

“தரையில நின்னா என்ன அத்தை, எறங்கி வீட்டுக்கு வந்துறலாம்.”

“மேல போனா எறங்க ஒங்க மாமாவுக்குத் தெரியுமா?”

“எறங்குறது தானா வந்துரும்” என்றேன். அதுவும் மாமா சொன்னதுதான்.

அத்தை குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

விஜயதசமியன்றுதான் பறப்பது என்று மாமா முடிவு செய்திருந்தார். முதல்நாள் ஆயுத பூசை. ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி எல்லாவற்றுக்கும் ஒரு பொட்டு. ரேடியேட்டருக்கு மட்டும் அத்தை பிள்ளையாருக்குச் சாத்துவதுபோல் முழுச் சந்தனக்காப்பு சாத்திவிட்டார். பூசையில் வைத்த சந்தனத்தை மறுநாள் முடியும்வரை யாரும் துடைக்கமாட்டார்கள். ராத்திரிக்குள் அது காரை பூசியதுபோல் காய்ந்துவிட்டது.

காலையில் ஊரே செம்மண் பொட்டலில் கூடியது. விமானம் பாதித் தூரம் ஓடியது. பிறகு மூடி தெறித்து, ஆவி பீறிட்டு, இன்ஜின் நின்றது.

“என்ன பைலட்டு, இட்டிலி வெந்துருச்சா?” என்றார் டீக்கடைக்காரர்.

மாமா சிரிக்கவில்லை. “மூக்குல வச்சது தப்பு மாப்ளே. விசிறிக்கு நடுவுல காத்தே கெடையாது” என்றார்.

ஒரு வருஷம் வேலை செய்து ரேடியேட்டரை வயிற்றுக்கு இறக்கினார். காற்றை அள்ளிவர முன்னால் தகர வாய் ஒன்றும் வைத்தார். பட்டறையில் அரைமணி ஓட்டினாலும் கொதிக்கவில்லை. அந்த ஆயுத பூசைக்கு அத்தை தரையில் மல்லாந்து படுத்து, தகர வாய்க்குள் கையைவிட்டுச் சந்தனம் பூசினார். முகமெல்லாம் சந்தனம் சொட்டியது. இப்படியும் ஒரு பக்தியா என்று ஊர்ப் பெண்கள் வியந்தார்கள்.

அந்த முறை விமானம் நன்றாகவே ஓடியது. சக்கரம் தரையைவிட்டு ஒரு சாண் எழும்பியதை நான் குனிந்து பார்த்தேன். அதற்குள் ஆவி பீறிட்டு இன்ஜின் இருமியது. தொப்பென்று விழுந்து, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய், கற்றாழை வேலியில் முட்டி நின்றது. இறங்கிவந்த மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, அத்தையிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். யாரிடமும் கொடுக்காமல் வீடுவரை தூக்கிவந்தார்.

“காத்து உள்ள வருது, வெளிய போகத்தான் வழி போதல” என்று மறுநாள் என்னிடம் சொன்னார். குரலில் பழைய வேகம் இல்லை. பட்டறையில் கொதிக்காதது பொட்டலில் ஏன் கொதிக்கிறது என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாம் வருஷம் ரேடியேட்டர் பக்கவாட்டுக்குப் போனது. உள்ளே நுழைய முன்னால் ஒரு வாய், வெளியேற அதைவிடப் பெரிதாகப் பின்னால் ஒன்று. அந்த ஆயுத பூசைக்கு அத்தை எட்டி எட்டிப் பூசிக்கொண்டிருந்தார். சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவர் மாமா.

“இந்தா, இந்த மூலைய விட்டுட்ட பாரு” என்றார்.

அத்தை ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். பிறகு அந்த மூலையையும் பூசினார்.

மாமாவுக்கு இந்த வருஷம்தான் பக்தி வந்திருக்கிறது என்று ஓடிப்போய் ஆத்தாவிடம் சொன்னேன்.