இருபத்துநாலு என்கிற ஓட்டக்காரி

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கு ஒன்று இருக்கத்தான் செய்தது. கல்லூரியில் அதை வருகைப் பதிவேடு மட்டும்தான் நினைவில் வைத்திருந்தது. மற்ற எல்லோருக்கும் அவள் இருபத்துநாலு. விடுதிச் சமையல்காரர்கூட, "இருபத்துநாலுக்கு முட்டை எடுத்து வெச்சாச்சா?" என்றுதான் கேட்பார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பரிமாறுபவர் ஒருமுறை இரண்டு டஜன் முட்டையைத் தட்டில் அடுக்கிக்கொண்டு வந்து நின்ற கதையும் உண்டு.

அந்தப் பெயர் மைதானத்தில் கிடைத்தது. பத்தாயிரம் மீட்டர் ஓட்டம் என்றால் நானூறு மீட்டர் தடத்தில் இருபத்தைந்து சுற்று. இரண்டாம் வருஷத்தில், முதல்முதலாக அந்தத் தூரம் ஓடியபோது, இருபத்துநாலாவது சுற்றையே கடைசி என்று நினைத்து உயிரைக் கொடுத்து ஓடினாள். கோட்டைத் தாண்டியதும் இரண்டு கையையும் தூக்கினாள். பிறகு புல்லில் மல்லாந்து படுத்து, காலணிக் கயிற்றையும் அவிழ்த்துவிட்டாள். பதினோரு பேர் அவளைக் கடந்து போனார்கள். மைதானத்தின் மறுபக்கத்திலிருந்து பயிற்சியாளர் கோச்சக்கா கத்திக்கொண்டே ஓடிவந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கோச்சக்கா அந்தக் கல்லூரியிலேயே படித்து ஓடியவர். இவர்களைவிடப் பத்து வயதுதான் கூட. அன்று சாயங்காலம் அவர் சொன்னது ஒன்றுதான்: "ஓடத் தெரியுது. எண்ணத்தான் தெரியல. ஒண்ணாங்கிளாஸ்ல சேர்த்துவிடட்டுமா?"

வேறு யாராவதாக இருந்தால் மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பார்கள். இவள் அந்த ரகம் இல்லை. தன்னிடம் இருக்கும் கோளாறை மேஜைமேல் எடுத்து வைத்து, எங்கே திருகாணி கழன்றிருக்கிறது என்று பார்க்கிற ஆள். இரண்டு நாள் யோசித்ததில் புரிந்தது: எண்கள் எல்லாம் ஒரே முகமாக இருக்கின்றன. பதினாறுக்கும் பதினேழுக்கும் என்ன வித்தியாசம்? மூச்சு முட்டுகிற நேரத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் பெரியப்பாவையும் பெரியம்மாவையும் யாராவது மாற்றி நினைப்பார்களா?

அண்ணன் கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படம் அவளிடம் இருந்தது. சரியாக இருபத்தைந்து பேர். அவள் அதில் இல்லை. அன்றைக்கும் ஏதோ ஒரு போட்டிக்குப் போயிருந்தாள், வீட்டில் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. படத்தின் இடது ஓரத்தில் அப்பா. எங்கும் முதல் ஆளாக வந்து நிற்பவர் என்பதால் முதல் சுற்று அவருக்கு. பன்னிரண்டாவது சுற்று பெரியப்பாவுக்கு. பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார், அந்தச் சுற்றும் அப்படித்தான், முடியவே முடியாது. நட்ட நடுவில், பதின்மூன்றும் பதினாலும், அண்ணனும் அண்ணியும். பதினெட்டாவது பெரியம்மா. இருபத்துமூன்றாவது, படத்தில் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் சின்ன மாமா. அடுத்தவர் அவர் மனைவி, அத்தை. கடைசியில், வலது ஓரத்தில், நாக்கைத் துருத்திக்கொண்டு தங்கை. கோட்டைத் தாண்டும்போது ஒருவரை அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கூட்டிக்கொள்வாள். இரண்டு வருஷத்தில் ஒரு சுற்றுக்கூடப் பிசகவில்லை. பெயர்தான் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது.

இப்போது கடைசி வருஷம். தேசியப் போட்டிக்குத் தகுதி பெறப் பத்தாயிரம் மீட்டரை முப்பத்தைந்து நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும். இந்தப் பருவத்தில் அவளுடைய சிறந்த நேரம் முப்பத்தைந்து நிமிஷம் ஒன்பது விநாடி. மிச்சம் இருந்தது ஒரே ஒரு போட்டி, சனிக்கிழமை. திங்கட்கிழமை சாயங்காலம் பட்டியலை மூடிவிடுவார்கள். படிப்பு முடிந்ததும் வேறொரு ஊரில் கண் மருத்துவமனையில் வேலை காத்திருந்தது. காலையும் மாலையும் ஓடிவிட்டு வருகிறேன் என்றால் அங்கே யார் விடுவார்கள்? இந்தச் சனிக்கிழமை இல்லை என்றால் பிறகு எந்தச் சனிக்கிழமையும் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் வழக்கம்போல மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனாள். வாரத்தில் மூன்று மதியம் அங்கே வேலை. பின்னறையில் ஒரு ஜன்னல், ஒரு மேஜைவிளக்கு, தண்ணீர் சொட்டச் சொட்டச் சுற்றும் தேய்ப்பு இயந்திரம். வட்டமான கண்ணாடியைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவது அவள் பொறுப்பு. கடைக்காரர் திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்த்தார்.

"நாளைக்கு எவ்வளவு குறைக்கணும்?"

"பத்து செகண்ட், சார்."

"பத்து செகண்டுதானே. நான் ஒரு தும்மல் போட்டு மூக்கைச் சிந்துறதுக்குள்ள ஓடிப்போயிடும்."

"சுத்துக்கு அரை செகண்டுகூட இல்ல சார். இதோ, இதுல அரை மில்லிமீட்டர் தேய்க்கிற மாதிரிதான்."

"அரை மில்லிமீட்டர் அதிகமாப் போனா கண்ணாடி கழண்டு சாப்பாட்டுல விழும்மா. போன மாசம் ஒருத்தர் வந்து சண்டை போட்டாரே, ஞாபகம் இருக்கா?"

"அது நீங்க தேய்ச்சது, சார்."

அவர் திரைச்சீலையை மூடிவிட்டுப் போய்விட்டார்.

விடுதி அறையில் அவளோடு இருந்தவள் ஒட்டகம். உயரத்துக்காகவும், எவ்வளவு தூரம் ஓடினாலும் தண்ணீர் கேட்காததற்காகவும் வந்த பெயர். அவளும் அதே பத்தாயிரம் மீட்டர்தான், அவளுக்கும் இதுதான் கடைசி வாய்ப்பு. அவளுடைய சிறந்த நேரம் முப்பத்தைந்து நிமிஷம் ஐந்து விநாடி. சனிக்கிழமை காலையில் ஜன்னல் விளிம்பில் செய்தித்தாள் திணித்துக் காயவைத்திருந்த நான்கு காலணிகளையும் எடுத்துப் பையில் போட்டபடியே ஒட்டகம் சொன்னாள்:

"ராத்திரி பூரா பொட்டுத் தூக்கம் இல்லடி."

"அப்ப குறட்டை விட்டது யாரு, கட்டிலா?"

"அது மூச்சுப் பயிற்சி." சற்று நேரம் பையின் ஜிப்போடு மல்லுக்கட்டினாள். "சரி, கேளு. சுத்துக்கு எண்பத்துநாலு செகண்ட். ரெண்டு சுத்து நீ முன்னாடி, ரெண்டு சுத்து நான். எத்தனை பாக்கின்னு போர்டைப் பார்த்துக்கலாம். நீ மட்டும் எண்ணாத தாயே, உனக்குக் கும்பிடு."

"எண்ணாம எப்படி ஓடுறது?"

"எல்லாரும் ஓடலியா?"

நாலரை மணிக்குத் துப்பாக்கி வெடித்தது. பதினேழு பேர் கிளம்பினார்கள். அப்பா போனார், அம்மா போனாள். வெயில் பார்வையாளர் மாடத்தின் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது, காற்று இல்லை. எல்லாம் ஒத்துழைக்கிற நாள். பெரியப்பாவின் சுற்று முடிவதற்குள் முன்னால் மூன்று பேர்தான் மிஞ்சினார்கள்: இவள், ஒட்டகம், வேறு கல்லூரியிலிருந்து வந்த நீலச்சட்டைக்காரி. மூச்சு சீராக இருந்தது. இன்றைக்கு முடியும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆசைப்பட்டுச் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை, கண்ணாடி சட்டத்தில் 'டக்'கென்று உட்காரும்போது விரலுக்குத் தெரிகிற மாதிரி.

பெரியம்மாவின் சுற்று முடிந்து கோட்டைத் தாண்டும்போது பலகையைப் பார்த்தாள். எத்தனை சுற்று பாக்கி என்று காட்டும் பலகை அது. பதினெட்டு முடிந்தால் ஏழு என்று இருக்க வேண்டும். ஆறு என்று இருந்தது.

வியர்வையில் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த சுற்றில் ஐந்து. அதற்கடுத்து நாலு.

ஓடிக்கொண்டே படத்தை இடதுபக்கத்திலிருந்து மறுபடி பார்த்துவந்தாள். யாரை விட்டோம்? அண்ணியை விட்டோமா? இல்லை, அண்ணியின் சுற்றில்தான் ஒட்டகம் கால் தவறித் தடுமாறினாள். பெரியம்மாவுக்கு முந்தையவர்? அவரும் வந்தார், அவர் சுற்றில்தான் பின்தங்கிப் போன இன்னொரு நீலச்சட்டைக்காரியை எட்டிப் பிடித்துக் கடந்தார்கள். எல்லோரும் இருக்கிறார்கள். ஆனால் பலகைக்குப் பக்கத்தில் தொப்பி போட்ட அதிகாரி ஒருவர் நிற்கிறார், கையில் தாள் வைத்திருக்கிறார். எண்ணத் தெரியாதவள் என்று ஊர் அறிந்தவள் இவள்.

சின்ன மாமா கண்ணை மூடியபடியே கோட்டைத் தாண்டினார். மணி அடித்தது.

கடைசிச் சுற்றுக்கான மணி. அதைக் கேட்டதும் ஓட்டக்காரர்களின் காலுக்குத் தானாகவே வேகம் வந்துவிடும். மூளையைக் கேட்டுக்கொண்டு நிற்காது. நீலச்சட்டை பாய்ந்தாள். ஒட்டகம் அவள் பின்னாலேயே பாய்ந்தாள். இவளுடைய காலும் இரண்டு எட்டு பாயத்தான் செய்தது.

அப்போதுதான் கடிகாரம் கண்ணில் பட்டது. முப்பத்திரண்டு நிமிஷம் பதின்மூன்று விநாடி. ஓடாதவர்களுக்கு அது வெறும் எண். இருபத்துமூன்று எண்பத்துநாலு எவ்வளவு என்று அவள் மூன்று மாதமாகப் படுக்கைக்கு எதிர்ச்சுவரில் எழுதி ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்: முப்பத்திரண்டு பன்னிரண்டு. இருபத்துநாலு சுற்று முடிந்துவிட்டது என்றால் சுற்றுக்கு எண்பது விநாடிக்குக் கொஞ்சம்தான் மேலே ஓடியிருக்க வேண்டும். அந்த வேகம் அவள் காலுக்குத் தெரியும். இன்று அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒட்டகம், இன்னும் ரெண்டுடி," என்று கத்தினாள்.

ஒட்டகம் திரும்பாமலேயே கையை வீசி, போடி என்பதுபோல் காட்டினாள்.

எதிர்ப்பக்கத்தில் கோச்சக்கா தடத்தின் விளிம்பில் நின்று இரண்டு விரலைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கிச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. தான் இரண்டாவதாக வருவதைச் சொல்கிறார் என்று நினைத்த ஒட்டகம் இன்னும் வேகமெடுத்தாள். இவளுக்கும் முன்னால் போகிற இருவருக்கும் நடுவில் தடம் நீண்டுகொண்டே போனது. விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று மாடத்தில் யாரோ சொல்லியிருப்பார்கள். சொல்லட்டும். அத்தையின் சுற்று இது, அத்தைக்குப் பதற்றம் ஆகாது. அதே வேகத்தில், ஒரு முடியளவு மட்டும் கூட்டி, ஓடினாள்.

நீலச்சட்டையும் ஒட்டகமும் கோட்டைத் தாண்டி நின்றார்கள். ஒலிபெருக்கி, புதிய சாதனை என்று அறிவித்தே விட்டது. ஒன்பது விநாடி கழித்து இவள் அங்கே வந்தபோது, பலகைக்காரர் கையிலிருந்த தாளை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நீலச்சட்டை தரையில் கிடந்தாள். ஒட்டகம் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொண்ணு இருக்குடி, ஓடு," என்று சொல்லிவிட்டு அவளைக் கடந்தாள்.

ஒட்டகம் நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தைப் பார்க்க இவளுக்கு நேரமில்லை. தங்கையின் சுற்று. இரண்டு வருஷமாக இந்தச் சுற்றுக்கு என்றே மிச்சம் பிடித்துவைத்த பலம் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டாள். முதல் வளைவில் தோள் கனத்தது, எதிர்ப்பக்க நேர்க்கோட்டில் தொடை எரிந்தது, கடைசி வளைவில் எதுவும் தெரியவில்லை. கோடு வந்தது. மேலே பார்த்தாள். முப்பத்துநாலு நிமிஷம் ஐம்பத்தாறு விநாடி.

கையைத் தூக்கவில்லை. தடத்தை விட்டு விலகவும் இல்லை. ஒரு அதிகாரி வந்து, "முடிஞ்சதும்மா, நிஜமாவே முடிஞ்சது," என்று தோளைத் தொட்ட பிறகுதான் உட்கார்ந்தாள்.

ஒட்டகம் மரத்துப்போன காலோடு அந்தக் கடைசிச் சுற்றையும் ஓடித்தான் முடித்தாள். முப்பத்தைந்து நிமிஷம் ஏழு விநாடி.

மாடத்துக்குப் பின்னாலிருந்த முதலுதவி அறையில் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஐஸ் வாளியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தார்கள். பலகைக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். பின்தங்கிய நீலச்சட்டை கோட்டைத் தாண்டியபோது முன்னால் ஓடியவள்தான் அவள் என்று நினைத்து, கூடுதலாக ஒரு எண்ணைத் திருப்பிவிட்டாராம். "ஒரே சட்டைம்மா. ஒரே உயரம் வேற," என்றார். ஒட்டகம் அவரைப் பார்க்கவில்லை. அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

"நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்," என்றாள் ஒட்டகம்.

"மணி அடிச்சா யார்தான் கேப்பா? நானே ரெண்டு எட்டு ஓடிட்டேன்."

"ஆறுதல் சொல்லாத. எரிச்சலா இருக்கு."

"சரி, சொல்லல."

கோச்சக்கா உள்ளே வந்தார். நடுவரிடம் அரைமணி நேரம் மல்லுக்கு நின்றுவிட்டு வந்த முகம். தவறு அதிகாரிகளுடையது என்பதால், பாதிக்கப்பட்டவர்கள் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மறுபடி ஓடலாம், அந்த நேரமும் பட்டியலில் சேரும் என்று எழுதி வாங்கியிருந்தார். நீலச்சட்டை சம்மதித்துவிட்டாளாம்.

"ஒரு நாள் ஓய்வுதான் நடுவுல. கட்டாயம் இல்ல," என்றார் ஒட்டகத்திடம். "யோசிச்சுச் சொல்லு. இப்பவே பேரு குடுக்கணும்."

ஒட்டகம் வாளித் தண்ணீரைக் கால்விரலால் அளைந்தாள்.

"ஓடுவா, கோச்சக்கா," என்றாள் இருபத்துநாலு. "முன்னாடி ஒருத்தர் வேகம் பிடிச்சுக் குடுக்கலாமான்னு கேளுங்க. பன்னெண்டு சுத்து நான் இழுத்துட்டுப் போறேன். சுத்துக்கு எண்பத்துமூணு. அதுக்கப்புறம் உள்பக்கம் புல்லுல நின்னு எண்ணிக்கை மட்டும் கத்துறேன்."

"என்னைக் கேக்காமயே பதில் சொல்ற," என்றாள் ஒட்டகம்.

"அப்ப நீயே சொல்லு."

ஒட்டகம் ஒரு காலை வாளியிலிருந்து வெளியே எடுத்தாள். கணுக்காலை இப்படியும் அப்படியும் சுழற்றிப் பார்த்தாள். மறுபடி உள்ளே விட்டுக்கொண்டாள்.

"இதுல ஐஸ் எல்லாம் கரைஞ்சுபோச்சு. திங்கட்கிழமைக்குள்ள இந்தக் கால் சரியாகணும்னா இன்னும் ரெண்டு வாளி வேணும்," என்றாள்.

ஒட்டகத்தின் பெயரை எழுத, கோச்சக்கா காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தார்.