முப்பது உறைகள்

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் இல்லை நான். யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். ஆனால் இது என் வீட்டிலேயே நடந்தது. இதில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

மனநல ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் உதவியாளராக இருந்தேன். இருட்டும் நிசப்தமும் நல்ல மனநிலையில் உள்ளவர்களை என்ன செய்கின்றன என்று பேராசிரியர் ஆராய்ந்துகொண்டிருந்தார். சத்தமே நுழையாத அறை, ஒரே ஒரு நாற்காலி, ஆளுக்கு நாற்பது நிமிடம். பயந்தால் அடிக்கக் கைக்கருகே ஒரு மணி. வெளியே வந்ததும், உள்ளே உணர்ந்ததை எழுதி, உறையில் போட்டு, அவர்களே ஒட்டித் தர வேண்டும். முப்பது பேரும் முடியும்வரை உறைகளைப் பிரிக்கக் கூடாது என்பது பேராசிரியரின் கண்டிப்பான விதி.

பதினோராவது ஆள் கடைசி நேரத்தில் வரவில்லை. அண்ணன் வேலை பார்க்கும் லேத் பட்டறைக்கு அன்று விடுமுறை. வீட்டில் சும்மா இருந்தவனை வரச் சொன்னேன்.

மதியம் 2:40-க்கு உள்ளே போனான். 2:52-க்கு மணி இரண்டு தடவை அடித்தது.

ஓடிப்போய்த் திறந்தேன். இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எதுக்கு மணி அடிச்சே?"

"நான் எங்க அடிச்சேன்?"

குறும்பு பண்ணுகிறான் என்று நினைத்தேன். ஆளைக் கலாய்ப்பது அவனுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

அன்று மாலையிலிருந்து ஒன்றைக் கவனித்தேன். வீட்டுக்குள் வந்ததும் கதவை உடனே சாத்தமாட்டான். இரண்டு நொடி பிடித்துக்கொண்டு நிற்பான். அப்புறம்தான் சாத்துவான். சோபாவில் ஓரமாக ஒண்டி உட்காருவான்.

"யாருக்கு இடம் விடறே?"

"தெரியல. தள்ளி உட்காரணும்னு தோணுது."

நடிக்கிறானோ? குடிக்கிறானோ? பக்கத்தில் போய் மோந்துகூடப் பார்த்தேன். கடைசியில் டாக்டரிடம் இழுத்துப் போனேன். மாத்திரை கொடுத்தார். வாயைத் திறக்கச் சொல்லி, முழுங்கிவிட்டானா என்று தினமும் பார்த்தேன்.

மாத்திரை அவனைத் தூங்க வைத்தது. தூக்கக் கலக்கத்தில் மெஷினைத் தொடாதே என்றார் பட்டறை முதலாளி. ஒரு வாரம் பார்ப்பாராம், அப்புறம் வேறு ஆளாம். அப்போதும் மாத்திரையை நான் நிறுத்தவிடவில்லை.

"மாத்திரையை நான்தானே முழுங்கறேன்... அது எப்படிம்மா போகும்?" என்றான்.

ஒருநாள் மாலை 6:10. அண்ணன் குளித்துக்கொண்டிருந்தான். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

ஹாலில் சோபா 'க்ரீச்' என்றது. யாரோ உட்கார்ந்த மாதிரி...

பழைய ஸ்பிரிங் என்று சொல்லிக்கொண்டேன். எட்டிப் பார்க்கவில்லை.

அந்த வாரமே அவன் வேலை போனது. உனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவன் முகத்துக்கு நேரே கத்தினேன்.

மறுநாள் முப்பதாவது ஆளும் முடிந்தார். பேராசிரியர் உறைகளைத் தேதி வரிசையில் பிரிக்கச் சொன்னார்.

முதல் உறை. 'கதவுக்கிட்ட யாரோ நின்னாங்க.'

ஐந்தாவது. 'நாலடி தூரத்துல.'

பத்தாவது. 'நாற்காலிக்குப் பின்னால. மூச்சு கேட்டுது.'

பதினொன்று. அண்ணன் கையெழுத்து. 'தோள்ல கை வச்சிருக்கு.'

பன்னிரண்டு... 'யாரும் இல்லை.'

பதின்மூன்று... 'யாரும் இல்லை.'

முப்பதுவரை அதேதான்.

பேராசிரியர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"பதினோராவது ஆளுக்கப்புறம்... அந்த ரூம்லேர்ந்து எதையாவது வெளிய கொண்டு போனியா?"

அண்ணன் வீட்டில் தனியாக இருக்கிறான் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.