ஒரு போன், ஒரே ஆள்

விழுப்புரத்தில் ஒரு செல்போன் கடையின் மாடியில் எங்கள் மென்பொருள் நிறுவனம் இருக்கிறது. எனக்குப் பக்கத்து நாற்காலி அஸ்வினியுடையது. கண்டாச்சிபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள். மற்றவர்கள் எழுதும் மென்பொருளைச் சோதித்துப் பார்த்து, சரியாக இருந்தால் கணினியில் ஒப்புதல் கொடுப்பது அவள் வேலை. அவள் ஒப்புதல் இல்லாமல் எதுவும் வெளியே போகக் கூடாது என்பது நிறுவனமே வைத்த விதி.

பல ஊர்களில் கிளை உள்ள ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்காகச் செய்த மென்பொருளை ஓட்டிப் பார்க்கத் திண்டிவனம் போயிருந்தாள். அன்று நஃபீசா பீவியும், மாசமாக இருந்த அவர் மருமகள் ஸாலிஹாவும் ரத்தம் கொடுக்க வந்தார்கள். மகன் துபாயில். வீட்டில் இருவருக்கும் சேர்த்து ஒரு போன். மாமியார் முதலில் எண்ணைச் சொல்லிப் பதிந்தார். மருமகள் அதே எண்ணைச் சொன்னதும் திரையில் மாமியார் பெயர் வந்தது. கவுண்டரில் இருந்த பெண் அதை அழித்துவிட்டு ஸாலிஹா என்று அடித்தாள். ஒரு எண் என்றால் ஒரே ஆள் என்பது மென்பொருளின் கணக்கு. மாமியாரின் சர்க்கரை அளவு மருமகள் பெயரில் அச்சாகி வந்தது.

ஸாலிஹா தாளை மாமியாரிடம் நீட்டினாள். "மாமி, எனக்கா இவ்ளோ சுகரு? புள்ளைக்கு எதுனா ஆயிடுமா?"

"அது என் சுகருடி. இத்தினி வருசமா நான் வளத்தது, ஒரே நாள்ல உன்கிட்ட எப்புடி வரும்?" என்றார் நஃபீசா பீவி.

அவருக்குத் தெரிந்ததால் தப்பித்தார்கள். தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்?

அஸ்வினி மறுநாள் முதலாளி தென்னரசுவிடம் போனாள்.

"சார், போன் நம்பர வெச்சு ஆள அடையாளம் கண்டா, ஒரே போன் இருக்கற வீட்டுல ரிசல்ட்டு மாறிப் போவுது."

"இந்தக் காலத்துல யாருகிட்டம்மா போன் இல்ல?"

"எங்க வீட்லயே நாலு பேருக்கு ஒண்ணுதான் சார்."

"அப்பன்னா கவுண்டர்ல கடைசி டிஜிட்ட மாத்திப் போடச் சொல்லு. திங்கக்கெழம எல்லா சென்டருக்கும் போவுது. ஜல்தியா அப்ரூவ் பண்ணு."

"மாத்திப் போட்டா ரிசல்ட்டு எஸ்.எம்.எஸ். எவன் போனுக்கோ போவுமே சார்?"

"பேஜாரு பண்ணாதம்மா."

அவள் ஒப்புதல் கொடுக்கவில்லை. சனிக்கிழமை காலை கணினியைத் திறந்தபோது, அவள் பெயரிலேயே ஒப்புதல் பதிவாகியிருந்தது. மென்பொருளை எழுதிய கோபியைத் திரும்பிப் பார்த்தாள்.

"சார்தான் உன் பாஸ்வேர்ட மாத்திக் குடுத்தாரு. நான் இன்னா பண்றது?"

"உன் பேர்ல குடுக்க வேண்டியதுதானே?"

"நாளைக்கு எதுனா ஆச்சுன்னா நான் மாட்டிக்குவேன்ல?"

இதைச் சொல்லும்போது அவன் சிரித்தான். எனக்குக் காது சுட்டது. தூண் வைக்க மறந்து பாலம் கட்டிவிட்டு, அந்த இடத்தைத் தாண்டிப் போகும்படி லாரிக்காரர்களிடம் சொன்னால் ஊர் விடுமா? எங்கள் தொழிலில் மட்டும், கட்டியவன் தப்பைக் கவுண்டரில் நிற்கிற பெண் சமாளிக்க வேண்டும்; கேட்டவள் பெயரில் கையெழுத்தும் விழும்.

அஸ்வினி தென்னரசுவின் மேசைக்குப் போய், அங்கிருந்த போனிலேயே பரிசோதனைக் கூடத்தை நடத்துகிற டாக்டரை அழைத்தாள். "டாக்டர், அஸ்வினி பேசறேங்க. திங்கக்கெழம வர்ற சாஃப்ட்வேர ஏத்தாதீங்க. என் பேர்ல அப்ரூவல் இருக்கு. அத நான் குடுக்கல."

தென்னரசு நாற்காலியிலிருந்து பாதி எழுந்தவர் அப்படியே நின்றார்.

கூடத்தில் நிறுத்தி வைத்தார்கள். தென்னரசு அஸ்வினியை அந்த வேலையிலிருந்து தூக்கி, ஒரு ஜவுளிக்கடையின் பில்லிங் மென்பொருளுக்கு மாற்றினார். இப்போது பரிசோதனைக் கூடத்தில் எண்ணை அடித்தால் அந்த வீட்டு ஆட்கள் எல்லோருடைய பெயரும் வருகிறது. யாரென்று தொட்டுத்தான் மேலே போக முடியும். அவளிடம் கேட்டுக் கேட்டுத்தான் கோபி அதைச் செய்தான். தென்னரசு அதற்கு 'புதிய வசதி' என்று பெயர் வைத்து டாக்டருக்கு அனுப்பினார். தப்பு என்ற சொல் எங்கும் இல்லை.

அஸ்வினி தன் பாஸ்வேர்டை இனி யாரும் மாற்ற முடியாதபடி செய்த பிறகுதான் ஜவுளிக்கடை வேலையைத் தொட்டாள். நேற்று கோபி அந்த மென்பொருளை எழுதி முடித்துக்கொண்டு வந்தான்.

"அப்ரூவ் பண்ணிடறியா அஸ்வினி?"

"மொதல்ல ரெண்டு பேருக்கு ஒரே நம்பரப் போட்டுக் காட்டு."

கோபி லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு, அதைச் சரிசெய்யத் தன் இடத்துக்குத் திரும்பிப் போனான்.