என் கண் பட்ட கூரை

என் ஓர்ப்படி, அதாவது என் கொழுந்தனாரின் மனைவி, புது மெத்தை வீட்டின் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எங்கள் ஓட்டு வீட்டைக் குனிந்து பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அறுபதுகளின் நடுவில், திருப்பூரில் பனியன் தொழில் சூடு பிடித்த நேரம். முன்னால் குடியிருப்பு, பின்னால் மிஷின் கூடம் என்று தெரு நீளத்துக்கு ஒரே கான்கிரீட் கூரையாகப் போட்டிருந்தார்கள். "மேல வந்து பாருங்க்கா, காத்து எப்பிடி வருதுன்னு" என்று கூப்பிட்டாள். முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன். வலி முழங்காலில் இல்லை. பெரிய மருமகள் நான். ஆனால் விருந்தாளி யார் வந்தாலும் அத்தை அந்த வீட்டுக்குத்தான் அழைத்துப் போனார். வடகம் காயவைக்க அவள் மாடியேறும் கொலுசுச் சத்தம் கேட்டாலே என் அடுப்பில் இருப்பது தீய்ந்துவிடும்.

கோடை முழுக்க வெயில் காய்ந்த அந்தக் கூரை, மார்கழிக் குளிரில் நடுவே குறுக்காக விரிசல் விட்டது. மூலைச் சுவரிலும் பிளவு. அத்தை எனக்குக் கேட்கும்படியே சொன்னார்: "கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதுங்கறது செரியாத்தான் இருக்குது." மகனின் காதுகுத்துக்கு ஊரையே அழைத்த ஓர்ப்படி என் வாசலைத் தாண்டிப் போனாள். அண்ணன் தம்பி பேச்சும் நின்றது. அழுதேன். இத்தனை கம்பி கட்டிய கூரையையே என் கண் பிளந்துவிட்டதே என்று உள்ளுக்குள் ஓர் இறுமாப்பும் இருந்தது.

கொழுந்தனார் கோயமுத்தூரிலிருந்து ஓர் இன்ஜினியரை அழைத்து வந்தார். அத்தை கண்ணேறு பேச்சை எடுத்ததும் அவர் சிரித்தார். "கண்ணுமில்ல, ஒண்ணுமில்லீங்க. கான்கிரீட்டு வெயில்ல நீளும், குளுருல சுருங்கும். உள்ள இருக்கற கம்பியும் கூடவேதான் நீண்டு சுருங்கும். இத்தன நீளத்த நடுவுல எடவெளியே விடாம செவுத்தோட கட்டிப் போட்டா அது எங்கீங்க போகும்? பிச்சுக்கத்தான் செய்யும்." கூரையைக் குறுக்கே அறுத்து, அந்த இடைவெளியில் தார் அடைத்து, வெயில் இறங்காமல் மேலே சுண்ணாம்புக் கலவை போட்டுத் தட்டை ஓடு பதிக்கச் சொல்லிப் போனார்.

அன்று சாயங்காலம் ஓர்ப்படி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பா நெனச்சுட்டனுங்க்கா. ஆனா உங்க கண்ணுன்னு அத்தை சொன்னப்ப எனக்குக் கொஞ்சம் சந்தோசமாக்கூட இருந்துதுங்க. உங்களப் பாத்து இத்தன நாளா நானுல்ல வெந்துட்டிருந்தன்."

"எங்கிட்ட என்ன இருக்குதுன்னு வெந்த?"

"உங்க ஊட்டுக்காரர் உங்களக் கேக்காம ஒரு நூல் கட்டு வாங்கறதில்லீங்க. எங்க ஊட்டுக்கு மெத்தை போடறாங்கன்னு எனக்குக் கொத்தனார்தான் சொன்னாரு."

அவள் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது. இன்றும் என் வீட்டுக்காரர் ஏதாவது யோசனை கேட்டால், பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.